ஒற்றைக் கடப்பாரை

"வேற ஒரு கை இதுல படக்கூடாது. நீயே தோண்டு" என்று கடப்பாரையை மருமகள் இத்தோவிடம் நீட்டினாள் யம்னா.

இத்தோ வாங்கிக்கொண்டாள். புருஷன் மொஹா செத்துப்போய் எட்டு மாதம். பிள்ளையும் இல்லை. இந்த வீட்டில் இருக்கலாமா, மலைமேல் அண்ணன் வீட்டுக்கே போக வேண்டியதுதானா என்று தெரியாதவளுக்கு எதிர்த்துப் பேச வாய் எங்கே வரும்?

கொல்லையில் பட்டுப்போன அக்ரூட் மரத்தைப் போன வருஷமே வெட்டி விற்றாயிற்று. அடிக்கட்டை மட்டும் மிச்சம். இரண்டு பேர் கைகோத்தாலும் எட்டாத பருமன். வேர் கிளம்பிக் கொல்லை முழுக்க மேடும் பள்ளமுமாகக் கிடந்தது.

அடுத்த வீட்டு ரக்கியா மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள்.

"உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா யம்னா? புருஷனைப் பறிகொடுத்தவளை இப்படியா வேலை வாங்குவ?"

"உன் அடுப்புல ரொட்டி கருகுது. போய்ப் பாரு."

மூன்றாம் நாள் இளைய மகன் பஸ்ஸு வந்தான்.

"அம்மா, தெருவே காறித் துப்புது. நாளைக்குப் பொக்லைன் கொண்டாரேன். ஒரு மணி நேர வேலை. அண்ணி பாவம்."

இத்தோவுக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு மாதத்தில் இந்த வீட்டில் அவளைப் பாவம் என்ற ஒரே ஆள்.

யம்னா போய் வாசலை மறித்து நின்றாள். "வண்டி உள்ள வந்தா முன்னாடி படுத்துக்குவேன். ஏத்திட்டுப் போ."

அன்றைக்கு இத்தோவுக்கு வந்த ஆத்திரத்தில் ஒரே மூச்சில் மூன்று பக்கவேர் அறுந்தது.

அப்புறம் அந்த ஆத்திரமே கைப்பழக்கமாகிவிட்டது. சுற்றிலும் குழி பறித்தாள். தண்ணீர் ஊற்றி ஊறவிட்டாள். வேரைக் கோடாலியால் ஒவ்வொன்றாக வெட்டினாள். உள்ளங்கை கொப்புளித்து, உடைந்து, காய்த்தும் போனது. ரக்கியாவோடு இன்னும் நாலைந்து தலைகள் மதில்மேல் சேர்ந்தன. திட்டு முழுக்க யம்னாவுக்கு. அவளோ நாற்காலியில் உட்கார்ந்து, "அந்தப் பக்கத்து வேரை யாரு வெட்டுவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதினாலாம் நாள் கட்டை லேசாக ஆடியது.

இத்தோ ஒரு கல்லை அண்டக் கொடுத்தாள். கடப்பாரையை அடியில் செருகி, உடம்பு பூராவும் அதன்மேல் சாய்ந்தாள். ஆணிவேர் படீரென்று முறிந்தது. அவ்வளவு பெரிய கட்டை குழிக்குள் பக்கவாட்டில் சாய்ந்து, வானத்தைப் பார்த்து வேரைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

மதில்மேல் இருந்த பெண்கள் குலவையிட்டார்கள். இத்தோ கட்டைமேல் ஏறி உட்கார்ந்து சிரித்தாள். மொஹா போனபிறகு முதல் சிரிப்பு.

"குழியை யாரு மூடுவா?" என்றாள் யம்னா.

கட்டையைத் துண்டுதுண்டாகப் பிளந்து வெளியே போட்டு, அதையும் அவளே மூடினாள். மண் கொட்டி, நனைத்து, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, நூல் பிடித்து மட்டம் பார்த்தாள். இருபதாம் நாள் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினாள். எந்தப் பக்கமும் ஓடாமல் நின்ற இடத்திலேயே வட்டமாகப் பரவியது. இடுப்பில் கையை வைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலையில் பஸ்ஸு ஒரு மேஸ்திரியோடு வந்தான்.

"அண்ணி, பிரமாதமா மட்டம் பண்ணிட்டீங்க. மேஸ்திரி, லாரி ஷெட்டுக்கு அளந்துக்க. அப்புறம் அண்ணி, வெள்ளிக்கிழமை உங்களை ஊர்ல கொண்டுவிட வண்டி சொல்லியிருக்கேன்."

இத்தோ மதிலைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பத்திரம் எழுதும் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். யம்னா சொல்லியனுப்பியிருந்தாள். பஸ்ஸு முகமெல்லாம் சிரிப்பாக அவர்களுக்கு நாற்காலி போட்டான்.

மூத்தவர் நோட்டைப் பிரித்தார். "யம்னா, இது உன் அப்பா உனக்குக் கொடுத்த மனை. மருமகளுக்கு எழுதணும்னு சொல்லியிருக்க. சரிதானே?"

பஸ்ஸுவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"அது எப்படிச் செல்லும்? இந்தக் கொல்லை என் கைவசம்தான் இருக்கு."

"அவன் கேக்கறதும் நியாயம்தான்" என்றார் பெரியவர். "எழுதினா மட்டும் பத்தாது யம்னா. இடம் எழுதி வாங்கறவ கைக்கு வந்துடுச்சுன்னு கண்ணால பாத்த சாட்சி வேணும்."

யம்னா மதில் பக்கம் திரும்பினாள். "ரக்கியா, இருபது நாளா இங்க என்ன பாத்த? சொல்லு."

ரக்கியாவுக்கு வழக்கமான கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னத்தப் பாத்தேன்? இவ ஒருத்தியே கிடந்து மாரடிச்சா. ஈ காக்காயைக்கூட நீ கிட்ட விடல. பெத்த பிள்ளை வண்டி கொண்டாரேன்னதுக்கும் வாசலை மறிச்சு நின்ன..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி, யம்னாவை வாய் பிளந்து பார்த்தாள்.

பெரியவர் அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்.