தாய்நாட்டுத் தைலம்

உலக நாடுகள் அனைத்தும் கவனிக்க: பெய்ரூட் ஜவுளி வியாபாரி நபீல் ஹத்தாத், முறைப்படி முதலீடு செய்து கரீபியன் கடலில் உள்ள டொமினிக்கா தீவின் குடிமகனாகிவிட்டார். நாட்டுப்பற்றில் குறையொன்றுமில்லை. நாட்டைத்தான் இன்னும் பார்த்ததில்லை.

பக்கத்துத் தீவில் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பழைய பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா கிடைத்ததே இல்லை. அங்கே போய் இறங்கியதும் புதியதை நீட்டினார்.

குடியேற்றக் கவுண்டரில் இருந்த வெர்லின் அதைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“டொமினிக்காவா! நானும் அங்கதான். நம்ம ஊர்ல எந்தப் பக்கம்?”

நபீலுக்கு வியர்த்தது. “கடற்கரைப் பக்கம்மா.”

“தீவுல வேற எந்தப் பக்கம் இருக்கு? கலலூ சூப் பிடிக்குமா?”

“உயிரு!” அது மீனா கீரையா என்றுகூட அவருக்குத் தெரியாது.

“திரும்ப எப்ப ஊருக்கு?”

உளறினால் பேரனைப் பார்க்காமலே திரும்ப வேண்டியதுதான். “அடுத்த வாரமே! ஊரை விட்டுட்டு என்னால இருக்க முடியுமா?”

வெர்லின் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணே, பிறந்தது பெய்ரூட்னு இதுலயே போட்டிருக்கு. பயப்படாதீங்க. புயல்ல எங்க வீடு போனப்போ, உங்கள மாதிரி பாஸ்போர்ட் வாங்கினவங்க பணத்துலதான் கவர்மெண்ட்ல புது வீடு கட்டிக் குடுத்தாங்க. நல்லா இருக்கணும் நீங்க. அடுத்த வாரம் போறேன்னீங்களே, அங்க இருக்கிற எங்கம்மாவுக்கு இந்த முழங்கால் தைலத்தைக் குடுத்துடுறீங்களா?”

முத்திரை விழுந்தது. நபீல் கண்கலங்கி, பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அவர் முதன்முறையாகத் தாய்நாட்டுக்குப் போனார், தைலம் கொடுக்க.