மூன்றாவது மாடியை அவள்தான் கேட்டாள்

எதிர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள். அங்கிருந்து சமையலறை வரைக்கும் ஒரே மட்டம். ஒரு படி கிடையாது.

அவள் கண் முதலில் அதைத்தான் பார்த்தது.

பால் காய்ச்சக் கூப்பிட்டிருந்தார்கள். அறுபதுகளில் கூட்டுறவுச் சங்கம் கட்டிக்கொடுத்த, மாடி இல்லாத வீடு. காலனியில் மிச்சம் மூன்றே மூன்று. இப்போது அதற்கு என்ன அடிதடி! இடிப்பதற்கில்லை, குடியிருப்பதற்கு.

"ஒரு வருஷமா அலைஞ்சோம் ஆன்ட்டி," என்றாள் வாங்கியவர்களின் மருமகள் யாழினி. "அந்தச் சிவப்புத் தரையைக்கூட மாத்தப் போறதில்ல. உங்க வீடும் இப்படித்தான் இருந்துச்சாமே?"

"ஆமாம்மா."

அச்சு அசலாக இதே வீடு.

அதை இடித்து ஃபிளாட் கட்டக் கொடுக்க வேண்டாம் என்றார் அவள் கணவர். இருட்டு, கொசு என்று குறை சொல்லி, பிறகு மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசாமல், பில்டரின் பத்திரத்தில் அவரைக் கையெழுத்துப் போட வைத்தவள் இவள். இடம் கொடுத்தவர்களுக்குத்தான் முதல் சாய்ஸ் என்றார் பில்டர். தன் தலைக்கு மேல் இன்னொருத்தர் நடமாடுவதாவது என்று மூன்றாவது மாடியைக் கேட்டு வாங்கினாள்.

லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. அப்போது அவர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுவார்.

பக்கவாதம் வந்து பதினான்கு மாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நாலு பேர் நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவர் இறங்கவே இல்லை.

பாவி, நான்தானே கொண்டுபோய் அங்கே உட்கார வைத்தேன்!

யாழினி ஒவ்வோர் அறையாகக் காட்டினாள். கூடத்திலிருந்து பின்வாசல், பின்வாசலிலிருந்து மாமரம். இவள் மனசுக்குள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே போனாள். எங்கேயும் இடிக்கவில்லை.

சாப்பிடாமலே கிளம்பிவிட்டாள்.

மாடி ஏறி வந்தபோது அவர் ஜன்னலோரம் காத்திருந்தார்.

"நம்ம வீடு மாதிரியேவா இருக்கு?" வார்த்தைகள் குழறின.

"அட, நீங்க ஒண்ணு! ஒரே இருட்டு. புழுக்கம் வேற. கொசு பிடுங்கி எடுக்குது. எப்படித்தான் இருக்கப் போறாங்களோ."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அசைகிற கையால் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"நீ அப்பவே சொன்ன. நான்தான் அடம் பிடிச்சேன்."