அக்கரை ஆள்

"அங்க பாருங்க, யாரோ கையைக் காட்டறாங்க!" என்றாள் ஷம்மா. அவள் கையிலிருந்த காகிதக் கோப்பையில் தேநீர் தளும்பியது.

கல்ஃபான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். காட்டாற்றின் அக்கரையில், செங்குத்தான பாறையை ஒட்டி ஒரு பழைய பிக்கப் வண்டி. அதன் பக்கத்தில் தலையில் துண்டு சுற்றிய ஒருவன், இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு குதித்தான்.

மழை வந்தால் மற்ற ஊர்க்காரர்கள் வீட்டுக்குள் ஓடுவார்கள். துபாய்க்காரர்களோ வீட்டை விட்டு ஓடுவார்கள். வருஷத்தில் நாலு நாள் வருகிற விருந்தாளியை எதிர்கொண்டு பார்க்காமல் எப்படி இருப்பது? மலையில் மேகம் கறுத்திருக்கிறது என்று செய்தி வந்ததுமே கல்ஃபான் மனைவி ஷம்மாவையும் மச்சினன் கானிமையும் வண்டியில் ஏற்றிவிட்டான். மழை நேரத்தில் காட்டாற்றுப் பக்கம் போனதைப் போலீஸ் பார்த்தால் அபராதம். அதனால்தான் ஆளில்லாத இடமாகப் பார்த்துச் சாலையை விட்டு இறங்கி, தண்ணீருக்குப் பக்கத்திலேயே கூழாங்கல் மேட்டில் நிறுத்தினான். பாய் விரித்து, வெள்ளத்தைப் பார்த்தபடி மூவரும் உட்கார்ந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது.

அதற்குள் முழங்காலளவு தண்ணீர் இடுப்பளவாகியிருந்தது. செம்மண் நிறத்தில், முள்மரங்களையெல்லாம் இழுத்துக்கொண்டு ஓடியது.

"நல்லா மாட்டிக்கிட்டான்." கானிம் போனை உயர்த்திப் படம் பிடித்தான். "பின்னால பாறை, முன்னால வெள்ளம். அங்க போய் எவனாவது வண்டியை நிறுத்துவானா? அறிவு வேணாம்?"

"சும்மா இருடா. என்னமோ கத்தறான்."

"தண்ணி ஓடற சத்தத்துல நீங்க பேசறதே கேக்கல மச்சான்."

அந்த ஆள் இவர்கள் பக்கம் விரலை நீட்டினான். மறுபடி மறுபடி நீட்டினான்.

"நம்ம வண்டியைக் காட்டறான். கொண்டுவந்து இழுக்கச் சொல்றான் போல" என்றான் கல்ஃபான்.

"இதுல இறங்கினா வண்டி படகாயிடும்!"

இப்போது அவன் மூன்று விரலை உயர்த்தினான். ஷம்மாவின் முகம் வெளுத்தது. "மூணு பேரா? ஐயோ, வண்டிக்குள்ள இன்னும் ரெண்டு பேர் இருக்காங்களா? குழந்தைங்களா இருக்குமோ?"

கானிம் படம் பிடிப்பதை நிறுத்திவிட்டுப் போலீசுக்கு அடித்துப் பார்த்தான். மலைக்கு நடுவில் சிக்னல் ஏது?

அக்கரைக்காரன் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி வீசினான். முதல் தடவை தண்ணீரில் விழுந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை கல் பாயின் ஓரத்தில் வந்து விழுந்தது. கல்ஃபான் பாய்ந்து பிடித்தான். அங்கே அந்த ஆள் இடுப்பைச் சுற்றிக் கட்டுவதுபோல் சைகை காட்டி, 'வா, வா' என்று அழைத்தான்.

"கயித்தோட மறுமுனையை வண்டியில கட்டியிருக்கான் பாருங்க. தன் இடுப்புல கட்டிக்கிட்டு இந்தப் பக்கம் வராம, நம்மள எதுக்குக் கூப்பிடறான்? மூளை கலங்கிப்போச்சு அவனுக்கு" என்றான் கானிம்.

"பிள்ளைங்களை விட்டுட்டு எப்படிடா வருவான்? நாமதான் போய்த் தூக்கிட்டு வரணும்."

கல்ஃபான் தன் நீண்ட வெள்ளை அங்கியை முழங்காலுக்கு மேல் சுருட்டிச் செருகினான். கயிற்றை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டான்.

ஷம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவிழுங்க. சொல்றேன்ல, முதல்ல அதை அவிழுங்க!"

"போன வருஷம் ஒருத்தனை வெள்ளம் அடிச்சிட்டுப் போனப்ப நான் என்ன பண்ணேன்? போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவன் என்னையே பார்த்துக்கிட்டுப் போனான், ஷம்மா."

அவளுக்குத் தெரியும். மாதக்கணக்கில் அவன் தூக்கத்தில் அலறி எழுந்ததை அவள்தானே பார்த்தாள். ஆனாலும் பயத்தில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. "அதுக்காக நீங்களும் போய்ச் சேரணுமா? அப்புறம் நான் யாரைப் பார்த்துக்கிட்டு நிக்கறது?"

கல்ஃபான் தண்ணீரில் இறங்கினான். இரண்டாவது அடியிலேயே தொடைவரை ஏறியது. கால் வழுக்க, கானிம் முழங்கையைப் பிடித்து நிறுத்தினான். அக்கரையில் அந்த ஆள் மறுபடி மூன்று விரலைக் காட்டினான். பிறகு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான்.

"பாவம், அழறான்" என்றான் கானிம். அவன் குரலில் இப்போது கேலி இல்லை.

"ஒரு நிமிஷம் இருங்க!" என்று கத்தினாள் ஷம்மா. "போறதுதான்னு ஆயிட்டா, நம்ம பக்கமும் ஒரு கயிறு இருக்கட்டும். அவன் கட்டின முடிச்சை நம்பி உங்களை அனுப்ப மாட்டேன். வண்டியில இழுவைக் கயிறு இருக்கு, எடுத்துட்டு வரேன்."

வெறுங்காலோடு ஓடத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"சீக்கிரம் எடு ஷம்மா! தண்ணி ஏறுது!"

வண்டியின் பின்சக்கரங்கள் பாதி தண்ணீருக்குள் இருந்தன. சாலையிலிருந்து அவர்கள் இறங்கி வந்த வழியையே காணோம். அங்கே, முன்னால் ஓடுவதைவிட இரண்டு மடங்கு அகலத்தில் இன்னொரு ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

அவள் மெல்ல அக்கரைப் பக்கம் திரும்பினாள். அவன் நின்ற பாறை மேட்டில் தண்ணீர் ஏறவே இல்லை. அந்த ஆள் கை வீசுவதை நிறுத்திவிட்டு, கயிற்றை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டான்.

"முடிச்சை அவிழ்க்காதீங்க" என்றாள் ஷம்மா. "அவர் நம்ம மூணு பேரையும் காப்பாத்தத்தான் கூப்பிடறார். எங்களையும் சேர்த்துக் கட்டுங்க."