கடைசிப் பந்தி

"முப்பது அடி காணாது, பிள்ளை. அறுபது அடி விடுவம்."

கஜனி நிமிர்ந்து பார்த்தாள். பிக்கரிங்குக்கு வடக்கே தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. கேட்டதைவிடக் கூடுதலாக நிலம் விட்ட முதல் ஆள் இந்த அருள்நாயகம்தான்.

ஐந்து ஏக்கர் குத்தகை நிலம். ஸ்காபரோ கடைகளுக்கு மிளகாயும் கத்தரியும் இங்கிருந்து போயின. நிலம் கிணற்றையும் அதற்கு அப்பால் ஓடையையும் நோக்கிச் சரிந்திருந்தது. மழை பெய்தால் போட்ட யூரியாப் பசளையெல்லாம் வழிந்து கீழே இறங்கும். அதை மறிக்கச் சரிவின் அடியில் முப்பது அடி அகலத்துக்குப் பயிர் வைக்காமல் புல் வளர விடவேண்டும். அதைச் சொல்லத்தான் நீர்ப் பாதுகாப்பு அலுவலகம் அவளை அனுப்பியிருந்தது.

"அறுபது எண்டா இன்னும் பத்து வரிசை மிளகாய் போயிடும், அங்கிள்."

"போகட்டும். மிளகாய் தின்னாம ஆர் செத்தது?"

அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். போன கிழமை எல்லாத் தோட்டக்காரருக்கும் தபாலில் அனுப்பிய துண்டுப்பிரசுரம்.

"உதைத் தமிழில எழுதினது ஆர்?"

"நான்தான்."

அவள் இரசாயனவியல் படித்தவள். ஒவ்வொரு சொல்லையும் மூன்று தரம் சரிபார்த்திருந்தாள்.

"வீட்டில எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கவேணும், அங்கிள்."

"நான் வாசிச்சிட்டன். என்ர மனிசி யோகராணிக்கு வாசிக்கேக்க, கடைசிப் பந்தியில முதல் வரியை வடிவா வாசியும். ரெண்டாவதை விட்டிடும்."

கஜனி தாளைப் பார்த்தாள். அந்தப் பந்தியில் இரண்டே வரிகள்.

'தோட்டத்துக்கு இடும் யூரியா மழைநீரோடு கிணற்றில் சேர்ந்தால், அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் குடிக்கும் சிசு நீலம் பாரித்து இறக்கக்கூடும். கொதிக்க வைப்பதால் அந்த நஞ்சு போகாது; தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும்.'

"ரெண்டாவதுதான் முக்கியம், அங்கிள். கொதிக்க வைச்சாச் சரியெண்டுதான் எங்கட சனம் நினைக்குது. வீட்டில கைக்குழந்தை இருக்கோ?"

"இல்லை. நாங்கள் ரெண்டு பேரும்தான்."

"அப்ப ஏன் விடச் சொல்லுறியள்?"

"முதல் வரி காணும், பிள்ளை. ஆரில பிழையெண்டு அதிலேயே இருக்கு."

அவர் எல்லை குறிக்கும் குறித்தடி ஒன்றை எடுத்து நிலத்தில் அறையத் தொடங்கினார்.

குசினியில் யோகராணி தேத்தண்ணி வைத்திருந்தார்.

"போத்தில் தண்ணியில போட்டது. பயப்பிடாமக் குடியும்."

கஜனி வாசித்தாள். புல், வாய்க்கால், மழைக்கு முன் பசளை போடாதிருத்தல். கடைசிப் பந்திக்கு வந்ததும் குரல் தானாக இறங்கியது. முதல் வரியை வாசித்தாள். தாளை மடித்தாள்.

"அவ்வளவுதான், அன்ரி."

யோகராணி கையெழுத்து வைத்தார். பேனையை மூடித் திருப்பிக் கொடுத்தார். பிறகு யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஒரு வரியை விட்டிட்டீர்."

கஜனிக்குக் காது சுட்டது. யோகராணி அந்த இரண்டாவது வரியை ஓர் எழுத்துத் தவறாமல் ஒப்புவித்தார்.

"அவற்ற சட்டை தோய்க்கிறது நான்தானே, பிள்ளை. எடுத்து வாசிச்சிட்டு, காய்ஞ்ச சட்டையில திருப்பி வைச்சிட்டன். எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டு திரியிறார்."

வெளியே குறித்தடி அறையும் சத்தம் விடாமல் கேட்டது.

"ஊரில, கொண்டாவில்ல எங்களுக்கு ஒரு மகன் பிறந்தவன். மூண்டாம் மாசம் நீலம் பாரிச்சுச் செத்துப்போனான். இருதயத்தில ஓட்டையெண்டு சொன்னவை. பதினாலு வருசமா நாங்களும் அப்பிடித்தான் நினைச்சம்." அவர் வெறும் கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "கிணத்தடி வெங்காயத்துக்கு யூரியா போட்டது அவர். அவன்ர பாலுக்குத் தண்ணியை வத்த வத்தக் கொதிக்க வைச்சது நான்."

கஜனி மடித்த தாளை மறுபடி விரித்தாள்.

"ரெண்டாவது வரி அப்பிடியே இருக்கட்டும், அது என்ர. தமிழில எழுதினது நீர்தானே, பிள்ளை? போகேக்க, முதல் வரியைப் பிழையா எழுதிப்போட்டன் எண்டு அவரிட்டச் சொல்லிவிடும்."