பட்டாணி அளவு ஈயம்

“மூணாவது தடவை கொண்டு வர்றேண்ணே. இன்னும் கொர்ருன்னு இரையுது,” என்று கிதார்காரன் கிதாரை மேசைமேல் வைத்தான்.

ரிப்பேர் கடை மெக்கானிக்குக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. கேபிள் செருகும் ஜாக்கை இரண்டு முறையும் அவரேதான் மாற்றிப் பற்றவைத்திருந்தார்.

மூடியைக் கழற்றினார். கம்பிகள் இரண்டும் இடம் மாறியிருந்தன. மேலே பட்டாணி அளவுக்கு ஈயம் அப்பியிருந்தது. அப்படிப் பற்றவைப்பவன் அவர் தம்பி ஒருவன்தான். அதற்காகவே அவனைக் கடையைவிட்டு விரட்டியிருந்தார். போன மாதம் அவன் சாவுக்கும் போகவில்லை.

“வேற யார்கிட்ட குடுத்தே?”

“யார்கிட்டயும் இல்லண்ணே. நேத்துலேர்ந்து பையைத் திறக்கவே இல்ல.”

“செத்தும் என் பொழப்பைக் கெடுக்கிறான்,” என்று பல்லைக் கடித்தபடி, நகத்தால் ஈயத்தைப் பெயர்க்கப் போனார்.

விரல் பொசுங்கியது. ஈயம் இன்னும் ஆறவில்லை.