நஸீறா வீட்டு வாசல் பூ

எதிர்வீட்டு நஸீறா வாசலில் வைத்திருக்கும் பூச்சாடிதான் தன் மகளின் கலியாணத்தைக் கெடுக்கிறது என்பதில் அன்னபாக்கியத்துக்குச் சந்தேகமே இல்லை.

முதல் சம்பந்தம் வந்த அன்றே தெரிந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர். லிஃப்டை விட்டு இறங்கியதும் அந்த ஊதாப் பூக்களைக் கண்டு நின்றுவிட்டார். சிங்களத்தில் இதை 'மினீ மல்' என்பார்களாம். பிணப்பூ என்று அர்த்தமாம். பெண் பார்க்க வந்த இடத்தில் பிணமா என்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிட்டார்.

அவர்களுக்கென்று பொரித்த ரோல்ஸை மகள் யதுஷா ஆற அமர இருந்து சாப்பிட்டாள். கவலையில் பிள்ளைக்குப் பசி கூடிவிட்டது என்று அன்னபாக்கியம் நினைத்தார்.

சாடியை உள்ளே எடுக்கச் சொல்லி அன்னபாக்கியம் நயமாகவும் கேட்டார், சத்தம் போட்டும் கேட்டார். வெயில் இங்கேதான் படுகிறது என்றாள் நஸீறா.

சரி, பூவை மாற்ற முடியாவிட்டால் பெயரை மாற்றினால் போச்சு. தமிழில் அதற்கு எவ்வளவு லட்சணமான பெயர் இருக்கிறது. அடுத்த சம்பந்தம் வருகிற அன்று காலையில், பெரிய எழுத்தில் அச்சடித்து, லமினேட் பண்ணி, சாடியில் குத்திவிட்டார்: 'நித்தியகல்யாணி'.

இந்த மாப்பிள்ளையின் தகப்பன் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"நித்தியம் எண்டால் எந்நாளும்," என்று மனைவியைப் பார்த்தார். "அப்ப எந்நாளும் கலியாணமோ? எங்கடை பெடியனுக்கு ஒருக்காச் செய்தால் காணும். வாரும், போவம்."

வந்த லிஃப்டிலேயே இறங்கிவிட்டார்கள். யதுஷா ரோல்ஸ் தட்டைக் கையில் எடுத்தாள்.

அன்னபாக்கியத்துக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பிள்ளைக்கு முப்பத்திரண்டு முடிகிறது, இனி யார் வரப்போகிறார்கள்? ஓடிப்போய்ச் சாடியைத் தூக்கினார், மாடியிலிருந்து எறிந்துவிடுவது என்றே. அடுத்த வீட்டு நல்லது பொறுக்காதவள் என்று நஸீறாவை வாய்க்கு வந்தபடி ஏசினார்.

நஸீறா யதுஷாவைப் பார்த்தாள். யதுஷா வாயில் ரோல்ஸோடு தலையாட்டினாள்.

"அத வைங்க அக்கா," என்றாள் நஸீறா. "அது எங்கட பூ இல்ல. உங்கட மகள்தான் வாங்கிக் கொணந்து இங்க வச்சா. இப்பக் கலியாணம் வேணாம்னு வாயால எத்தனையோ தரம் சொல்லிட்டாவாம். பூ சொன்னாத்தான் நீங்க கேட்பீங்களாம்."