மூன்றாம் அத்தியாயம்

"மூணாவது அத்தியாயம் சுத்தக் குப்பைம்மா! இதுக்குப் போய் நான் என்.ஓ.சி. குடுத்தா, அந்த யுனிவர்சிட்டிக்காரன் என்னைக் காறித் துப்புவான்" என்றார் பேராசிரியர் மரியஜோசப்.

தலைச்சோலையிலிருந்து கொட்டச்சேட்டில் இருக்கும் சார் வீட்டுக்கு இளவரசி வரும் பதினோராவது நடை இது.

அவரிடம் பிஎச்.டி.க்குச் சேர்ந்து ஐந்து வருடமாகிறது. ஆராய்ச்சி செய்தது பாதி, சார் வீட்டுக் களத்தில் காப்பிக்கொட்டை கிளறியது மீதி. போதுமடா சாமி என்று வேறு யுனிவர்சிட்டிக்கு மாற விண்ணப்பித்தாள். இதுவரை செய்த ஆராய்ச்சியை அப்படியே ஏற்றுக்கொள்கிறோம், பழைய கைடு ஆட்சேபணை இல்லையென்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். நாளை சாயங்காலம் கடைசி. தவறினால் ஐந்து வருடமும் அம்போ. மறுபடி பிள்ளையார் சுழிதான்.

"அஞ்சு வருசம் வீணாப் போயிருமுங்க சார்."

"அவசரப்பட்டா ஆச்சா? இன்னும் ரெண்டு வருசம் இங்கயே இரு. காப்பிப் பழம் பறிப்பு வேற வருது."

அதானே! ஆள் கிடைக்க வேண்டாமா?

சாரின் மனைவி லூர்துசெல்வி காப்பியோடு வந்தார். "ஏனுங்க, அந்தப் புள்ள நடையா நடக்குது. போட்டுக் குடுத்தாத்தான் என்னங்க?"

"உனக்கென்ன தெரியும்? நீ சும்மா இரு! இதை எழுதுனதுக்கு மாடு மேய்க்கப் போயிருக்கலாம்."

"நான் குடுத்த ஆராய்ச்சிய முழுசாப் படிச்சீங்களா சார்?" என்றாள் இளவரசி.

"என்னையே கேக்கறயா? வரி விடாமப் படிச்சேன்!"

"அப்பச் சரிங்க சார். அதையே மொதப் பக்கத்துல எழுதிக் குடுத்துருங்க. நான் சொன்னா எங்கப்பா நம்ப மாட்டாருங்க."

மரியஜோசப் அந்த ஆராய்ச்சிக் கட்டை முன்னால் இழுத்து வைத்து, உற்சாகமாகப் பேனாவைத் திறந்தார். 'முழுவதும் படித்தேன். சொந்தச் சரக்கு ஒரு வரிகூட இல்லை. முனைவர் பட்டத்துக்குத் தகுதியற்றது' என்று எழுதி, தேதியோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இளவரசி அதை வாங்கிப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, என்.ஓ.சி. படிவத்தை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இதுலயும் ஒண்ணு போட்டுருங்க சார். அந்த அட்டை மட்டுந்தானுங்க என்னுது. உள்ள இருக்கறது, இருபத்தெட்டு வருசத்துக்கு முன்னால நீங்க டாக்டர் பட்டம் வாங்குன ஆராய்ச்சி. லைப்ரரியில ஜெராக்ஸ் எடுத்தேனுங்க."

சாருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. மளமளவென்று படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

இளவரசிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் ஒன்று மட்டும் புரியவில்லை. "ஏனுங்க சார், அடுத்தவங்களோடதப் படிக்காம இருக்கறது சரி. உங்க சொந்த ஆராய்ச்சி கூடவா அடையாளம் தெரியலீங்க?"

டொக்கென்று காப்பி டம்ளரை மேசையில் வைத்தார் லூர்துசெல்வி.

"கல்யாணமான புதுசுல நான் உக்காந்து எழுதிக் குடுத்தப்பவே அவரு அதைப் படிக்கலை கண்ணு" என்றவர், கணவர் பக்கம் திரும்பினார். "நாளையிலிருந்து காப்பி நீங்களே போட்டுக் குடிங்க. நான் மாடு மேய்க்கப் போறேன்!"